தாளிப்புக்கும் அலறும் ஸ்மோக் அலாரம்: கழற்றுவதா, மாற்றுவதா?

சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணன், திருவையாற்றில் வீடு கட்டியபோது மூன்று ஸ்மோக் அலாரம் வாங்கி வந்து சீலிங்கில் மாட்டினார். வீட்டுக் கரண்டில் ஓடுபவை, துணைக்கு உள்ளே 9 வோல்ட் பேட்டரி. மூன்றும் ஒயரில் இணைந்தவை, ஒன்று கத்தினால் மூன்றும் கத்தும். ரசத்துக்குக் கடுகும் வரமிளகாயும் நெய்யில் பொரிந்தால் போதும், மாடியில் தூங்கும் குழந்தை வரை எழுந்துவிடும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஆஃப் பண்ணிவிடலாம் என்பதுதான். கரண்ட் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கினாலும் பேட்டரியில் கத்தும். பேட்டரியையும் எடுத்துவிட்டால் நிற்கும். அன்று ராத்திரி நிஜமாகவே தீப்பிடித்தால் எழுப்ப ஆளில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹஷ் பட்டன் பரவாயில்லை, சில நிமிஷம் அமைதி தரும். எந்த அலாரம் முதலில் புகையைப் பிடித்ததோ அதில் அழுத்த வேண்டும். பெரும்பாலும் அதன் சிவப்பு விளக்குதான் வேகமாகச் சிமிட்டும். ஆனால் தினமும் ஸ்டூல் போட்டு ஏற முடியுமா?

உண்மையான போட்டி இரண்டு வகைகளுக்கு இடையில்தான். எங்கள் வீட்டில் இருந்தது அயனி வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும், அதனால் உடைத்துப் பார்க்கக் கூடாது. கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சீக்கிரம் பிடிக்கும். எண்ணெய் காய்ந்து எழும் மிக நுண்ணிய துகளுக்கும் அதே வேகத்தில் கத்தும். ஒளி வகையில், உள்ளே ஓடும் ஒளிக்கற்றை புகையில் பட்டுச் சிதறினால் அலாரம் அடிக்கும். தாளிப்புக்கு அவ்வளவு சீண்டாது. கொசுவர்த்திச் சுருளில் போர்வை பட்டு மெத்தை கனலும் தீயை இதுதான் முந்திப் பிடிக்கும். நம் ஊர்ப் படுக்கையறையில் பயப்பட வேண்டிய தீ அதுதான் என்பதால் என் ஓட்டு ஒளி வகைக்கு.

அதற்கும் ஒரு குறை உண்டு. தீபாவளி சமயத்தில் ஒரு ராத்திரி, புகையே இல்லாமல், ஹாலில் மாற்றி மாட்டிய ஒளி வகை அலாரம் அலறியது. இறக்கிப் பார்த்தால், பக்கவாட்டு இடுக்கில் பச்சைத் தத்துப்பூச்சி இரண்டு, சிறகோடு ஒட்டிக் கிடந்தன. வயலை ஒட்டிய வீடு, விளக்கைத் தேடி வருவதை எப்படித் தடுப்பது? மெல்லிய பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரால் இடுக்கெல்லாம் இழுத்துவிட்டேன், சரியானது. கதிரடிப்புத் தூசிக்கும் அதே வைத்தியம். பூச்சி மருந்தை மட்டும் அதன்மேல் அடிக்காதீர்கள்.

சமையலறைக்கு ஹீட் டிடெக்டர். புகையைப் பார்ப்பதே இல்லை. பொதுவாக 58 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு ஏறினால்தான் அடிக்கும். தாளிப்பு, குக்கர் ஆவி எதற்கும் அசையாது. புகை மட்டும் பரவும் தீயில் தாமதமாகும், அதனால் படுக்கையறைக்கு ஆகாது. பழையவற்றோடு ஒயரில் இணைக்க, பொருந்தும் மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், நிமிஷத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் அது தீ அலாரம் இல்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பேட்டரி இறங்கியிருக்கும். அலாரத்துக்கே வயது 10 வருஷம்தான், பின்புறம் தேதி இருக்கும்.

இப்போது எங்கள் சமையலறையில் ஹீட், ஹாலிலும் மாடியிலும் ஒளி வகை. ஹாலில் இருப்பதை அடுப்பிலிருந்து 3 மீட்டருக்கு மேல் தள்ளி மாட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மட்டும் அம்மா முற்றத்தில் வைத்துப் போடுகிறார்.