விஸ்கான்சின் வான்கோழி குலுக்கல்: ஏஜென்ட் வேண்டாம், கோ வைல்ட் போதும்

எனக்கு வேலை மினசோட்டாவில், சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். ஆற்றைத் தாண்டினால் விஸ்கான்சின்தான், ஆனால் அங்கே வசந்தகால வான்கோழி வேட்டைக்கு நான் வெளிமாநிலத்துக்காரன். வேட்டை அனுமதியைக் குலுக்கலில்தான் கொடுக்கிறார்கள்: முதலில் அங்கேயே குடியிருந்து நிலம் வைத்திருப்பவர்கள், அடுத்து மற்ற உள்மாநிலத்துக்காரர்கள், மிச்சம் இருந்தால் நமக்கு. இதற்கு அந்த மாநில அரசின் கோ வைல்ட் தளத்தில் நானே விண்ணப்பித்துப் பார்த்த அனுபவம் இது. நம்மூர் ஆட்கள் அங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், உதவும்.

முதல் வருஷம் விவரம் தெரியாமல், விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்ற ஒரு தனியார் சேவைக்குக் காசு கட்டினேன். எல்லோரும் கேட்கிற முதல் வாரத்தையே அவர்களும் கேட்டு வைத்தார்கள், கிடைக்கவில்லை. காசு போனது கூடப் பரவாயில்லை, ஒரு சீசனே போனதில் வயிறு எரிந்தது.

மாநிலத்தை 7 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சீசன் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஏ முதல் எஃப் வரை 6 தவணை, ஒவ்வொன்றும் புதன்கிழமை தொடங்கி ஏழு நாள். கூட்டமெல்லாம் ஏ, பி தவணைகளுக்குத்தான். வெளியூர்க்காரனுக்கு வழி மே மாதத்து டி, இ, எஃப் தவணைகளில் இருக்கிறது. இலை அடர்ந்துவிடும், கொசு கடிக்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்துவிடுவதால் தனியாகத் திரிகிற சேவல், பெட்டை மாதிரி நாம் கொடுக்கிற குரலுக்கு வந்து நிற்கும், அது தனி அனுபவம். வடக்கே 6, 7 மண்டலங்களில் அனுமதி எண்ணிக்கை குறைவு, அங்கே போட்டுக் காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் டிசம்பர் 10.

குலுக்கலில் விழாவிட்டாலும் கதை முடியவில்லை, உண்மையான வாய்ப்பு மார்ச்சில்தான். மிஞ்சிய அனுமதிகளை மண்டல வாரியாக வெவ்வேறு நாட்களில் விற்கிறார்கள், எந்தத் தவணையில் எத்தனை மிச்சம் என்பதையும் முன்னாடியே போட்டுவிடுகிறார்கள். வெளிமாநிலத்தவருக்கு ஒன்று 15 டாலர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று. அங்கே காலை 10 மணிக்கு விற்பனை. 9.45க்குள் தளத்துக்குள் இருப்பவர்களுக்கு வரிசை எண்ணைக் கணினியே குலுக்கிக் கொடுக்கிறது, அதனால் விடியற்காலையிலிருந்து கண் விழித்துக் கிடக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தவன் மாதக் கடைசி வரை தங்கிவிட்டேன். மிஞ்சிய அனுமதி விற்கிற அன்று, அங்கே 9.45 ஆகும்போது இங்கே நேரம் இரவு எட்டேகால். பிராட்பேண்ட் போய்விட்டது, போன் நெட்டிலேயே உள்ளே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "ஏம்பா, ஒரு வான்கோழிக்கா இத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க?" என்றார். "அங்க இந்தப் பறவையே அத்துப் போயிருந்தது சித்தப்பா. 1976ல மிசூரியிலிருந்து 29 காட்டு வான்கோழி கொண்டாந்து விட்டாங்க, அதுக்குப் பதிலா இவங்க கவுதாரி மாதிரி ஒரு பறவைய அங்க அனுப்பினாங்க. பெருகினதுக்கப்புறம் 1983லதான் வேட்டைக்கு விட்டாங்க, அதனாலதான் கணக்கு பாத்துக் கொடுக்கறாங்க" என்றேன். நம் நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு என்று பார்த்தே வளர்ந்தவர் அவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி, முறையாத்தான் பண்றாங்க" என்றார். அரை மணி நேரத்தில் எஃப் தவணை கிடைத்தது, பிடிஎஃப் ஆக இறக்கிக்கொண்டேன்.

இது போக வசந்தகால வான்கோழி லைசென்ஸும், ஸ்டாம்ப் என்கிற கட்டண முத்திரையும் தனியாக வாங்க வேண்டும். 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும், வேறு மாநிலத்தில் முடித்ததும் செல்லும். நெஞ்சில் தாடி போல ஒரு கொத்து தொங்குகிற பறவையையும் சேவலையும்தான் சுடலாம். சுட்டால் மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

கோ வைல்ட் தளத்துக்கு என் மதிப்பெண் 5க்கு 5. கறி கொஞ்சம் நாரோட்டம்தான், குக்கரில் நாலு விசில் கூடவே விட்டு அப்புறம் மிளகு வறுவல் போடுங்கள்.