அல்சூர் பஜார் தெருவில் ஒரு மருந்துக்கடை

பெங்களூரில் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் இந்தக் கடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அப்பாவுக்கு இயோசினோபிலிக் ஃபேசியைடிஸ். தசையைச் சுற்றியிருக்கும் உறை வீங்கித் தடித்து, கைகால் தோல் இறுகி ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும், கையைத் தூக்கினால் ரத்தக்குழாய் ஓடும் இடத்தில் பள்ளம் விழும். 1974-இல் ஷுல்மன் என்ற மருத்துவர் எழுதிய பிறகுதான் தனி நோயாகத் தெரியவந்தது. அரிய நோய் என்பதால் பெரிய ஆய்வுகள் கிடையாது, ஒரு மருத்துவமனைக்கு வந்த கொஞ்சம் பேரை வைத்து எழுதியவைதான் அதிகம், ஆனால் முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததில் உடம்புக்குள்ளேயே அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும், மறுபடி சுரக்க நாளாகும்.

அதனால்தான் கடை முக்கியம். முன்பு வாங்கிய இடத்தில் சீட்டைப் பார்க்காமலே 10-க்குப் பதில் 20 மி.கி. பட்டையை நீட்டி, “உடைச்சுப் போட்டுக்கோங்க” என்றார்கள். இங்கே கடைக்காரர், வேலூர்ப் பக்கத்துக்காரர், சீட்டின் தேதியைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, போன தடவை 20, இப்ப 15-னு குறைச்சிருக்காங்க, அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். 10-ம் 5-ம் தனித்தனிக் கவர், மேலே “காலை, டிபனுக்கு அப்புறம்” என்று தமிழிலேயே எழுதினார்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தையும் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வதால் அப்பாவுக்கும் அது உண்டு. வாரத்துக்கு ஒரு நாள்தான். தப்பித் தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கவரில் “வியாழன் மட்டும்” என்று சிவப்புப் பேனாவில் எழுதி வட்டம் போட்டு, அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினை அதோடு சேர்க்காமல் தனியாகக் கட்டிக் கொடுத்தார். இந்தக் கவனத்துக்காகவே எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம் என்பேன்.

குறை என்றால், வண்டி நிறுத்த இடமே இல்லை, வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது. 5 மி.கி. பட்டை சில சமயம் தீர்ந்துவிடுகிறது, மருந்து முடிய ஒரு வாரம் இருக்கும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், எடுத்து வைப்பார்.