டர்பனில் கப்பல் இறங்கிய பின்: காடா, கழிமுகமா?

காலையில் கப்பல் இறங்கி, இரவு கிங் ஷாகாவில் விமானம் ஏறும் உறவினர்களை நேரே விமான நிலையத்தில் விட்டுவிடாதீர்கள். வடக்கே, 1860இல் நம் முன்னோர் வெட்ட வந்த கரும்புச் சீமை வழியாக, இரண்டு இடங்களுக்குப் போகலாம். இரண்டும் 200 கிலோமீட்டருக்கு மேல்.

ஷ்லுஷ்லுவே–இம்ஃபோலோசி காடு 1895இல் வனவிலங்குக் காப்பகமானது. அழிவின் விளிம்பில் நின்ற தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது இங்கேதான். அந்த மண்ணை மிதிப்பதே பேறு. ஆனால் துறைமுகத்திலிருந்து போய்ச் சேரும்போது உச்சிவெயில். விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். இரவு தங்க முடிந்தால் மட்டுமே இதைச் சொல்வேன்.

செயின்ட் லூசியா கழிமுகத்துக்கு வெயில் தடையில்லை. நீர்யானை இரவில்தான் மேய்ச்சலுக்குக் கரையேறும். பகலெல்லாம் தண்ணீரில் கூட்டமாகக் கிடக்கும். இரண்டு மணி நேரப் படகுச் சவாரியில், முதலில் காது மட்டும் தெரியும், சடசடவென்று நீரை உதறும். பிறகு பெருமூச்சோடு முழுத் தலையும் எழும். சேற்றுத் திட்டில் முதலை வாய் பிளந்து கிடக்கும். முழங்கால் வலியுள்ள அத்தையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

ஒரே பகல்தான் என்றால் கழிமுகமே என் தேர்வு. பிற்பகல் 3 மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.