டெம்பரேச்சர் முள் ஏறியதுமே ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரிப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று போனால், மீட்டரைச் சோதிக்காமலே எஞ்சினில் கை வைக்கும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. என்னிடம் அப்படித்தான் 600 பவுண்டுக்கு மேல் கறந்துவிட்டார்கள்.

என்னுடையது 1978 ஸ்பிட்ஃபயர் 1500. நான் குடியிருக்கும் இதே கவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலையில் செய்த வண்டி. குளிர்காலம் முடிந்து வெளியே எடுத்ததும் முள் சிவப்பை நோக்கிப் போனது. ஆனால் ஆவி இல்லை, கூலண்ட் குறையவில்லை. பாதி டேங்க் பெட்ரோல்தான் இருந்தது, பெட்ரோல் முள்ளோ முக்காலைத் தாண்டிக் காட்டியது. இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். பெட்ரோல் முள் விஷயத்தை மட்டும் "அது வேறு, இது வேறு" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அது வேறு இல்லை. இந்தக் காரில் இரண்டு மீட்டருக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்துதான் போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். உள்ளே ஒரு பட்டை சூடாகி வளைந்து, இணைப்பை விட்டு விட்டுத் துண்டித்து, சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் உடலுக்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் பட்டை சூடாகாது, இணைப்பு துண்டிக்காது, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்தே உயரும். பழைய பிரிட்டிஷ் கார் பார்ப்பவர்களுக்கு இது பாலபாடம்.

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றினார்கள். முள் அசைந்து கொடுக்கவில்லை. அப்புறம் "ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும்" என்று அடுத்த எஸ்டிமேட் வந்தது. அது போயிருந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலண்டில் கலக்கும்; கலக்கிறதா என்று பார்க்க நீலத் திரவ டெஸ்ட் இருக்கிறது, கலந்திருந்தால் மஞ்சளாகிவிடும். அதைச் செய்து காட்டுங்கள் என்றேன். செய்யவில்லை. கழற்றிய ரேடியேட்டரைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ட்ரையம்ஃப் வண்டிகளிலேயே காலம் கழித்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். முதலில் தெர்மோஸ்டாட் மூடிமேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினார். சூடு 85 டிகிரியை ஒட்டியே நின்றது, முள் மட்டும் சிவப்பில். சென்சார் ஒயரைக் கழற்றினார், முள் மெதுவாகக் கீழே இறங்கியது. ஆக, ஒயர் எங்கும் உரசி ஷார்ட் ஆகவில்லை. பிறகு ஸ்டெபிலைசரில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தார். துடிக்க வேண்டிய வோல்டேஜ் 12-க்கு மேல் அப்படியே நின்றது. அதைப் பிடித்திருந்த திருகைக் கழற்றினால் அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். முள் நடுவுக்கு வந்தது, பெட்ரோல் முள்ளும் பாதிக்கு இறங்கியது. அவர் கேட்ட கூலி ஒரு டீக்காசுதான். நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாமல் பில் போட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எந்த வேலையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் சரிசெய்து தரக் கேட்கலாம், அது நடக்காதபோது பணத்தைக் குறைக்கச் சொல்லலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்கு 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியிடமே கோரலாம். பெரியவர் எடுத்த அளவுகளை எழுதி வாங்கி, போட்டோவோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒர்க்‌ஷாப் கூலியை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டியை விடும்போதே, கழற்றும் பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலைத் தாளில் எழுத வைத்துவிடுங்கள்.