ஜூலை 4-க்குச் செய்த பின்பால், வெள்ளவத்தை மாடிவீட்டில்

விடுமுறை நாளுக்கென்று செய்து விற்கும் சாமான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்முடைய இலங்கைச் சுதந்திர தினம், பெப்ரவரி 4 வந்தால் கொழும்பில் ஒத்திகை, மூடிய வீதிகள், கடைக்குக் கடை கொடி, நாலு தள்ளுபடி விளம்பரம், அதோடு சரி. அதனால் அமெரிக்கச் சுதந்திர தினத்தின் 200-ஆவது ஆண்டை வைத்துக் காசு பார்க்கச் செய்த ஒரு பின்பால் மேசை (சரிந்த மேசையில் உருளும் இரும்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

மேசையின் பெயர் 'ஸ்பிரிட் ஆஃப் 76'. காட்லீப் கம்பனி 1976-ஐ ஒட்டி இறக்கியது, பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். உண்மையான மெஷினைக் கொழும்புக்குக் கொண்டுவருவதென்றால் கப்பல் கூலியையும் சுங்க வரியையும் நினைத்தாலே தலை சுற்றும். நான் ஆடுவது கணினியில், 'விஷுவல் பின்பால்' என்ற மென்பொருளில். 2000-ஆம் ஆண்டில் வந்தது, இலவசம். பழைய மேசைகளை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக இதில் கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று.

ஆட்டம் எப்படி? இது ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளால் ஓடிய காலத்து மெஷின். எல்.ஈ.டி. திரை கிடையாது, கதை கிடையாது, பேசும் குரலும் கிடையாது. புள்ளி ஏறும்போது எண் சக்கரங்கள் கடகடவென்று உருளும், கூடவே மணி அடிக்கும். கணினியிலும் அந்தச் சத்தத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஆடினால் சக்கரம் நின்ற பிறகு வரும் சின்ன 'டக்'கூடக் கேட்கும். '5'ஐத் தட்டினால் காசு விழும், '1' ஆட்டத்தைத் தொடங்கும், என்டரைப் பிடித்து இழுத்து விட்டால் பந்து மேலே ஓடும், இரண்டு ஷிஃப்ட்டும் இரண்டு ஃபிளிப்பர், அதாவது பந்தைத் தட்டும் துடுப்புகள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மேசையை இடிக்கலாம், ஆனால் ஆத்திரத்தில் இரண்டு தரம் கூட இடித்தீர்களோ 'டில்ட்' ஆகி ஃபிளிப்பர்கள் செத்து, அந்தப் பந்து போய்விடும். அக்கா மகன் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "மாமா, இதில அடுத்த லெவல் எப்ப வரும்?" என்று கேட்டான். வராது என்றேன். மற்றப் பக்கம் திரும்பி போனை எடுத்தான், பத்து நிமிஷத்தில் "ஒரு பந்து தாங்க" என்று வந்து நின்றான்.

இந்த மேசைக்கு ஒரு கூத்தான பின்கதை உண்டு. அதே காலத்தில், அதே பெயரில், மிர்கோ என்ற சின்னக் கம்பனியும் ஒரு பின்பால் கொண்டுவந்தது. ரிலேக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மைக்ரோபிராசசர் என்ற கணினிச் சில்லை வைத்து விற்பனைக்கு வந்த முதல் பின்பால் அதுதான். அதிகம் பேர் வாங்கவில்லை. பழைய மணிச் சத்தத்தோடு வந்த காட்லீப் மெஷின் விற்றுத் தள்ளியது, ஆனால் சில வருடங்களிலேயே எல்லாக் கம்பனிகளும் மிர்கோ போன வழிக்குத்தான் போக வேண்டியிருந்தது. இன்னொன்று, நியூயோர்க் நகரத்தில் 1942-இல் மேயர் லா கார்டியா பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்து, சம்மட்டியால் மெஷின்களை உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அந்தத் தடை நீங்கியது 1976-இல், ரோஜர் ஷார்ப் என்பவர், இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை என்று காட்ட, நகரசபை ஆட்களுக்கு முன்னால் பந்து எந்த வழியால் போகும் என்று முதலே சொல்லிவிட்டு அடித்துக் காட்டிய பிறகு. சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டில் பின்பாலுக்கும் விடுதலை கிடைத்தது என்றால் அமெரிக்கர்கள் கோபிக்க மாட்டார்கள்.

ஆடும்போது பின்னால் ஒரு பாட்டு போடுவேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் '4th ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க்', 1973-இல் வந்த அவருடைய இரண்டாவது அல்பத்தில் இருக்கிறது. சுதந்திர தினப் பாட்டு என்றால் மார்பைத் தட்டும் என்று நினைப்போம், இதில் கொடியே இல்லை. ஆஸ்பரி பார்க் என்ற நியூ ஜெர்சி கடற்கரை ஊரில் வாணவேடிக்கை நடக்கிற இரவு, இந்த வாழ்க்கை போதும் என்று ஒரு பெடியன் தன் காதலியிடம் சொல்கிறான். குறிசொல்லும் பெண் வருகிறாள், பின்பால் ஆடுகிறவர்களும் வருகிறார்கள். டேனி ஃபெடரிசி வாசித்த அக்கார்டியன்தான் எனக்குப் பாட்டின் உயிர். அதே ஊரில் 1970-இல் ஜூலை 4 இரவு கலவரம் வெடித்துப் பல நாட்கள் நீடித்தது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஜூலை, கலவரம் என்ற இரண்டையும் சேர்த்து வாசித்தால் மனம் 83 ஜூலை இனக்கலவரத்துக்குப் போகாமல் இருக்காது. அதற்கு மேல் இந்த விமர்சனத்தில் அதை இழுக்க விரும்பவில்லை, ஆனால் அந்தப் பாட்டில் சந்தோஷம் ஏன் கொஞ்சம் தயங்கியே வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது.

சரி, குறைகள். நிறுவுவது லேசு இல்லை. மென்பொருள் வேறு, மேசை வேறு, மேசையின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்கண்ணாடியின் படம் வேறு, எல்லாவற்றையும் சரியான ஃபோல்டரில் போட வேண்டும், கணினி பழக்கம் இல்லாதவர்கள் ஒரு மாலையை இதற்கே ஒதுக்க வேண்டியிருக்கும். சாதாரணமாக வைத்த திரையில் மேசை ஒடுங்கிப்போய்த் தெரியும். திரையை நெட்டாகத் திருப்பினால்தான் சரி, அதற்குக் கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசா பக்கம் பழைய மானிட்டர் ஒன்று தேடினால் போதும், புதிது தேவையே இல்லை. ஃபிளிப்பரின் அடியும் உண்மையான மெஷினில் விரலுக்குத் தெரிகிற அந்த அதிர்வைத் தராது, கீபோர்டால் அது முடியாத காரியம்.

காசு கொடுத்து வாங்கும் போன் பின்பால்கள் பல உண்டு, பளபளப்பாக இருக்கும், பாதி ஆட்டத்தில் இன்னொரு மேசையை வாங்கு என்று நச்சரிக்கும். அந்தத் தொல்லை இங்கே இல்லை என்பதற்காகவே ஒரு மாலை மினக்கெடலாம். ஆட உட்காரும் முன் விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற கீபோர்ட் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஷிஃப்ட்டை ஐந்து தரம் தொடர்ந்து அடித்ததும், பந்து சரியாக ஃபிளிப்பருக்கு வரும் நேரம் பார்த்து, திரை நடுவே ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும்.