கொழும்பா, காங்கேசன்துறையா? வன்னிச் சரக்குக்கு எந்த வாசல்

இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. 2009இல் போர் ஓய்ந்த பிறகும் இந்தியாவுக்குப் போகும் எங்கள் சரக்குக்குக் கொழும்பே வாசல்.

கொழும்பில் கொள்கலன் கப்பல், சுங்கம், தரச் சான்றிதழ் எல்லாம் ஒரே நகரில் கிடைக்கும். பெரிய ஏற்றுமதியாளருக்கு அது வசதிதான். கிளிநொச்சியில் பத்துப் பெட்டி பனங்கட்டி வைத்திருக்கும் பெண்ணுக்கோ, 300 கிலோமீற்றருக்கு மேல் லொறிப் பயணம். வழியில் மழை ஈரம் பட்டால் குட்டான் என்ற சிறு ஓலைப் பெட்டிக்குள் கட்டி இளகி, அடியில் பாகாக ஒட்டிக்கொள்ளும். கொள்கலனை நிரப்பும் அளவுக்கும் அவரிடம் சரக்கு இராது.

யாழ்ப்பாணத்தின் வடகரைத் துறைமுகமான காங்கேசன்துறை அவருக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். 2023 ஒக்டோபரில் அங்கிருந்து தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. பயணியின் பொதி வணிகச் சரக்குக்கு ஈடாகாது. கடல் கொந்தளித்தால் சேவையும் நின்றுவிடும்.

அறுவடை நேரத்தில் அதே வாசலால் இந்திய அரிசி வந்து இறங்கினால், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரில் பயிரிடும் விவசாயியின் நெல் விலை விழும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காக வாசலை அடைக்க வேண்டியதில்லை; அந்த மாதங்களில் இறக்குமதித் தீர்வையை உயர்த்தலாம். நான் காங்கேசன்துறையையே கேட்பேன்: சிறு வணிகருக்கு எடை வரம்போடு அனுமதி, துறைமுகத்திலேயே சுங்கமும் தாவரத் தொற்றுத்தடுப்புப் பரிசோதனையும்.