ஜைரோவா, சாட்டிலைட் காம்பஸா?

கப்பல் எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் சொல்லிவிடும். அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. அதைச் சொல்ல ஜைரோ காம்பஸை நம்புவதா, செயற்கைக்கோள் சிக்னலில் இயங்கும் சாட்டிலைட் காம்பஸையா என்பதுதான் இங்கே போட்டி. ஒரு படகு நேர் வடக்கே முகம் வைத்து 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் போகிறது, 2 நாட் நீரோட்டம் அதைக் கிழக்கே தள்ளுகிறது என்றால், சாதாரண ஜிபிஎஸ் 14 டிகிரி என்று காட்டும். அது படகு நகரும் தடத்தின் திசைதான். நங்கூரம் போட்டு நின்றாலோ, அந்த எண் தாறுமாறாகச் சுற்றும். ராடாருக்கும் ஆட்டோபைலட்டுக்கும் முகத்தின் திசைதான் வேண்டும். அதனால் ஒற்றை ஆன்டெனா ஜிபிஎஸ்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

சாட்டிலைட் காம்பஸில் குறைந்தது இரண்டு ஆன்டெனாக்கள். ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். ஒரே செயற்கைக்கோளின் அலை இரண்டு ஆன்டெனாக்களையும் எந்தெந்தக் கட்டத்தில் தொடுகிறது என்பதை மில்லிமீட்டர் அளவுக்கு ஒப்பிட்டு, கருவி திசையைக் கணக்கிடுகிறது. இதில் ஆன்டெனாக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம். அளவில் 5 மில்லிமீட்டர் பிசகினால், அரை மீட்டர் இடைவெளியில் அது 0.6 டிகிரி பிழை; 2 மீட்டர் இடைவெளியில் 0.14 டிகிரிதான். வாங்கும்போது திரையின் அழகை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

ஜைரோ பூமியின் சுழற்சியை வைத்தே வடக்கைக் கண்டுபிடிக்கிறது; வெளியிலிருந்து எந்த சிக்னலும் தேவையில்லை. ஆனால் போட்டவுடன் நிலைகொள்ளாது, சில மணி நேரம் பிடிக்கும். அப்புறம் வேகப் பிழை: கப்பலின் ஓட்டமே ஜைரோ காட்டும் வடக்கைச் சற்று விலக்கிவிடும். வடக்கே 20 நாட்டில் போனால், நிலநடுக்கோட்டில் சுமார் 1.3 டிகிரி, 60 டிகிரி அட்சரேகையில் 2.5 டிகிரி. நவீன ஜைரோ இதைத் தானே திருத்திக்கொள்ளும், வேகமும் அட்சரேகையும் அதற்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால். துருவத்தை நெருங்க நெருங்க அதன் பிடி தளரும். சாட்டிலைட் காம்பஸுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, சில நிமிடங்களில் தயார்.

அப்படியானால் ஜைரோவைக் கழற்றிவிடலாமா? கூடாது. 2017 ஜூனில், கருங்கடலில் ரஷ்யத் துறைமுகமான நொவொரொசிஸ்க் அருகே இருந்த கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது; யாரோ அனுப்பிய போலி சிக்னல்தான் காரணம் என்று கருதப்படுகிறது. போலி சிக்னல் விஷயத்தில் சாட்டிலைட் காம்பஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. போலிகள் எல்லாம் ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வந்தால், அவை ஒரே திசையிலிருந்து வருகின்றன. வானில் சிதறிக் கிடக்கும் செயற்கைக்கோள்களின் கணக்கோடு அது பொருந்தாது. பெரும்பாலும் கருவி ஹெட்டிங்கை, அதாவது முகத்தின் திசையை, காட்டாமல் கைவிட்டுவிடும். அதுவே எச்சரிக்கை. ஆனால் அந்த நேரத்தில் சுக்கான் பிடிப்பவருக்குத் திசை யார் சொல்வது? பாலத்தின் அடியில் போகும்போது சிக்னல் மறைந்தால், கருவிக்குள் திருப்பத்தை அளக்கும் சென்சார் சில நிமிடம் தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது.

காந்த காம்பஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரும்பு உடல் அதை இழுக்கும், விலகல் அட்டவணை (எந்தத் திசையில் எவ்வளவு பிசகும் என்ற பட்டியல்) பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் ஒப்பந்தமும் அதைக் கேட்கிறது. 500 கிராஸ் டன்னேஜும் (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குக் காந்தம் சாராத ஹெட்டிங் கருவியும் வேண்டும்; அது ஜைரோவாக இருக்கலாம், வேறு வழியாகவும் இருக்கலாம்.

என் தேர்வு: சின்னக் கப்பலுக்கும் ஆய்வுப் படகுக்கும் சாட்டிலைட் காம்பஸ், பக்கத்தில் காந்தம். பெரிய சரக்குக் கப்பலுக்கு ஜைரோவே முதல். சாட்டிலைட் காம்பஸ் அதைச் சரிபார்க்கும் இரண்டாவது ஆள். பொருத்தும்போது ஆன்டெனாக்களை ராடார் கற்றைக்கு வெளியே, வானம் திறந்த இடத்தில், கப்பலின் நீள அச்சுக்கு இணையாக வையுங்கள். பிறகு துறையில் கட்டிய நிலையில், வரைபடத்தில் அந்தத் துறைச் சுவரின் திசையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கருவியில் பதிந்துவிடுங்கள்.